யார் போட்ட டிக்?

2013 ஜனவரியில் எட் பாட் என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளர், ஜாவா அப்டேட் ஒன்று கணினிக்குள் என்னென்ன செய்கிறது என்று கூடவே உட்கார்ந்து கவனித்தார். அந்தக் காலத்தில் ஜாவாவோடு 'ஆஸ்க் டூல்பார்' என்ற ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரும். "இதையும் நிறுவு" என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். நாம் எடுக்காவிட்டால் அதுவும் உள்ளே வந்துவிடும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. பாட் கண்டுபிடித்தது வேறு. ஜாவா உடனே நிறுவப்படுகிறது, டூல்பார் மட்டும் 10 நிமிடம் சும்மா காத்திருந்துவிட்டு அப்புறம்தான் சத்தமில்லாமல் உள்ளே வருகிறது.

எதுக்கு அந்த 10 நிமிடம்? 'ஐயோ, டிக்கைப் பார்க்காமல் அடுத்து அடுத்துன்னு அழுத்திட்டோமே' என்று சுதாரிக்கிறவர் உடனே கண்ட்ரோல் பேனலைத் திறந்து பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. தப்பிச்சோம் என்று மூடிவிடுவார். அவர் மூடிய பிறகு அது வரும்.

நானும் ஒரு என்ஜினியர் என்பதால் எனக்கு இதில் உறுத்துவது அந்த எண்தான். 10 நிமிடம் தானாக வராது. யாரோ ஒருவர் அதை எழுதியிருக்கிறார். இன்னொருவர் சோதித்துப் பார்த்து, சரியாகக் காத்திருக்கிறது, சரியாக வருகிறது என்று வேலையை முடித்துவைத்திருக்கிறார். ஒவ்வொரு நிறுவலுக்கும் ஆரக்கிள் நிறுவனத்துக்குக் கமிஷன். 2015 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்த டூல்பாரின் பழைய பதிப்புகளை 'வேண்டாத மென்பொருள்' என்று பட்டியலில் சேர்த்தது. அதே மாதம் ஆரக்கிள் ஆஸ்க்கை விட்டுவிட்டு யாஹூவோடு கை கோத்தது. ஆள்தான் மாறினார், கூடவே ஒன்றைத் தள்ளிவிடும் பழக்கம் மாறவில்லை.

இந்தக் கம்பெனிகளைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: நீங்கதானே ஓகே அழுத்தினீங்க. சட்டப்படி பார்த்தால் மறுக்க முடியாத பதில். என் கேள்வியும் இங்கேதான். அழுத்தியது நம் விரல். ஆனால் ஒப்புக்கொண்டது நாமா?

மௌனம் சம்மதம் என்று நம் ஊரில் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் தலை குனிந்து நிற்பவளிடம் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். முன்கூட்டியே போட்ட டிக் என்பது இந்தப் பழமொழியின் மின்னணு வடிவம். தத்துவத்திலும் இதற்கு மரியாதையான முன்னோர் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் லாக், ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் நடந்து போனாலே அந்த நாட்டின் அரசுக்கு நீ மறைமுகமாகச் சம்மதித்துவிட்டாய் என்று எழுதினார். வாயைத் திறக்கவே வேண்டாம், இருந்தால் போதும்.

1748இல் டேவிட் ஹியூம் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. தூங்கிக்கொண்டிருப்பவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிடுகிறார்கள். கண் விழித்தால் நடுக்கடல். அவன் இறங்காமல் கப்பலிலேயே இருக்கிறான் என்பதற்காக மாலுமித் தலைவனின் அதிகாரத்தை அவன் மனமார ஏற்றுக்கொண்டான் என்று சொல்லலாமா? இறங்கினால் சாவு. அதே இடத்தில் இன்னொன்றும் கேட்கிறார்: அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடுகிற, வேற்று மொழி எதுவும் தெரியாத ஓர் ஏழைக் குடியானவனிடம், பிடிக்கவில்லையென்றால் நாட்டை விட்டுப் போயேன் என்பது என்ன நியாயம்?

லாக் வாசலைப் பார்க்கிறார், எப்படி உள்ளே வந்தாய் என்று. ஹியூம் வெளியேறும் வழியைப் பார்க்கிறார். டூல்பார் விஷயத்தில் உண்மை தெரிவது இரண்டாவது இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

போன வருடம் ஜெலுத்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, கம்ப்யூட்டர் ரோசாக் ஆயிடுச்சு, வந்து பாரு தம்பி என்று கூப்பிட்டார். மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 7. பிரவுசரின் தலையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு டூல்பார். தேடும் பெட்டி, ஜாதகம், வானிலை, விளையாட்டு என்று வரிசையாகப் பொத்தான்கள். முதலில் கண்ட்ரோல் பேனலில் தேடினேன். திரையில் இருந்த பெயர் பட்டியலில் இல்லை, வேறு ஏதோ பெயரில் இருந்தது. நீக்கப் போனால், நிச்சயமா என்றது. பிறகு, ஏன் போகிறீர்கள் என்று ஒரு கருத்துக் கணிப்பு. 'வைத்துக்கொள்' என்பது பெரிய பச்சைப் பொத்தான், 'நீக்கு' என்பது வெளிறிய சின்ன எழுத்து. நீக்கிவிட்டு மெஷினைத் திரும்பப் போட்டால், டூல்பார் ஹாயாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த மாதிரிப் பிடிவாதத்துக்குப் பின்னால் மந்திரம் ஒன்றும் கிடையாது. பிரவுசர் ஐகானின் பிராப்பர்டீஸைத் திறந்து 'டார்கெட்' வரியைக் கடைசிவரை நகர்த்திப் பார்த்தால், அதன் வாலில் ஓர் இணைய முகவரியைக் கட்டிவிட்டிருப்பார்கள். டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை, மணிக்கொரு தரம் எழுந்து நான் இருக்கிறேனா என்று சரிபார்க்கும். 'அப்டேட்டர்' என்ற அப்பாவிப் பெயரில் பின்னணியில் ஒரு சர்வீஸ் ஓடும். ஒன்றை எடுத்தால் மற்றது திரும்பக் கொண்டுவந்துவிடும். அதனால் முதலில் சர்வீஸை நிறுத்தி, ஷெட்யூலரில் இருப்பதை நீக்கி, அதன் பிறகே டூல்பாரை எடுக்க வேண்டும். கடைசியாக ஐகானின் வாலை வெட்டி, முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்ற வேண்டும். மிச்சம் மீதிக்கு ஆட்கிளீனர் மாதிரி ஒன்றை ஓட்டலாம். எனக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளே வர அதற்கு ஆன்ட்டியின் ஒரே ஒரு கிளிக் போதுமாக இருந்தது.

ஒரு கிளிக்குக்கும் இரண்டு மணி நேரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் என் அளவுகோல். உண்மையாகவே சம்மதம் கிடைத்துவிட்டது என்று நம்புகிறவன், போகும் வழியில் இத்தனை முள் வைக்க மாட்டான். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018இல் அமலுக்கு வந்தபோது இதை நேராகவே எழுதிவைத்தது: சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், முன்கூட்டியே போட்ட டிக் சம்மதமே ஆகாது என்றும் தீர்ப்புச் சொன்னது. நம் மலேசியச் சட்டம் 2010இல் வந்தது. அதன் 38ஆம் பிரிவின்படி சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், எழுத்து மூலமாக அறிவித்தால். 7ஆம் பிரிவு, தரவு எதற்கு என்று சொல்லும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. ஆன்ட்டி தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். சந்தை மலாய் பிரமாதமாகப் பேசுவார், சட்ட மலாய் படிக்க வராது.

இந்த அளவுகோலுக்கு ஒரு மறுப்பு உண்டு. வெளியேறக் கஷ்டமான நல்ல சம்மதங்களும் இருக்கின்றனவே? கல்யாணம் இருக்கிறது. என் தலைமுறையில் பாதிப் பேர் கழுத்தில் தொங்கும் பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கிறது. ஆனால் கடனை அடைக்கணும் என்பது கையெழுத்துப் போடும்போதே தெரியும். டூல்பாரை எடுப்பதில் இருக்கும் கஷ்டம், யாரோ ஒருவர் உட்கார்ந்து நம்மிடமிருந்து மறைத்துக் கட்டியது. அந்த 10 நிமிடம் மாதிரி.

ஹியூமின் கப்பல் பினாங்குக்காரர்களுக்கு வெறும் உவமையாக இருக்க முடியாது. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இங்கே இறங்கியவர்கள். நான் படித்த பொறியியல் வளாகம் நிபோங் திபாலில் இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள். கலிடோனியா தோட்டத்தின் 99 கதவு பங்களாவில் பேய் இருக்கிறது என்று சீனியர்கள் கதை விடுவார்கள். கரும்பு வெட்டியவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அவர்கள் வந்த முறைக்குப் பெயர் சஞ்சிக்கூலி. 'ஜன்ஜி' என்றால் மலாயில் வாக்குறுதி. வாக்குக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கப்பல் செலவு அவர்கள் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. உள்ளே வரும்போது தொழிலாளியின் சுதந்திரமான சம்மதம், வெளியே போகும்போது குற்றவியல் சட்டம். 1910இல் இந்த முறை நிறுத்தப்பட்டது.

அதற்கு முன்பிருந்தே நடந்துவந்து, பின்பு முதன்மையாகிப்போனது கங்காணி முறை. என்னைக் கேட்டால் டூல்பாருக்கு இன்னும் நெருக்கமானது இதுதான். கங்காணி அந்நியன் இல்லை. அதே ஊர்க்காரன், பல நேரம் சொந்தக்காரன், வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்து மலாயா நல்லா இருக்கு என்று சொன்னவன். ஜனங்கள் தாளை நம்பி வரவில்லை, அவனை நம்பி வந்தார்கள். அவனுக்குத் தோட்டத்தில் தலைக்கு இவ்வளவு என்று காசு. டூல்பாரும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நம் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஜாவா என்ற தெரிந்த முகத்தின் பின்னால் வந்தது. அந்தத் தெரிந்த முகத்துக்கும் தலைக்குக் காசு.

ஒரு பிரவுசர் தொல்லையைத் தோட்டத்து வாழ்க்கையோடு சமமாக வைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மனிதர்கள் செத்தார்கள். நான் பார்ப்பது கையெழுத்து வாங்கும் விதத்தை மட்டும். படிக்க முடியாத தாளையும், தெரிந்த முகத்தையும், முள் வைத்த பின்வாசலையும் ஒன்றாக வைத்தால், யாரிடமும் சம்மதம் வாங்கிவிடலாம்.

இதில் என்னைப் போல ரிப்பேர் பார்க்கிறவர்களின் இடம் எது என்பதும் யோசிக்க வேண்டியது. ஆட்கிளீனரும் ஓடுவதற்கு முன் தன் விதிமுறைகளை நீட்டி ஒப்புதல் கேட்டது. ஆன்ட்டி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீயே அமுக்குப்பா. நீ படிச்ச பிள்ள, எனக்கு என்ன தெரியும்." நம் வீடுகளில் சம்மதம் இப்படித்தான் நடக்கிறது. வங்கிப் படிவம், ஆஸ்பத்திரித் தாள், போன் ஆப் எல்லாவற்றிலும் வீட்டில் படித்த ஒருவர் எல்லோருக்காகவும் அமுக்குகிறார். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எல்லா விதிமுறைகளையும் வரி வரியாகப் படித்து வாழ யாராலும் முடியாது, யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் கங்காணி நின்ற இடமும் இதுதான். அதனால் அதில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். இரண்டாவது நிமிடத்திலேயே ஆன்ட்டி கொட்டாவி விட்டார். பிறகு அவரே மவுஸைப் பிடித்து அமுக்கினார்.

டூல்பாரை எடுக்கலாமா என்று கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. "எல்லாத்தையும் எடுத்துடு, அந்த மழப் பெட்டிய மட்டும் விட்டுடு. துணி காயப் போட அதப் பாத்துத்தான்." வானிலைப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். ஜார்ஜ்டவுன், 29 டிகிரி, மழை. நாடு: கயானா. தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கும் இன்னொரு ஜார்ஜ்டவுன், இங்கே மாதிரியே கரும்பும் கப்பலில் வந்த கூலிகளும் இருந்த ஊர். மதராஸ்காரர்களும் அங்கே போயிருக்கிறார்கள். ஆன்ட்டி பல வருடமாக அந்த ஊர் வானத்தைப் பார்த்து இந்த ஊரில் துணி உலர்த்தியிருக்கிறார். இரண்டு இடத்திலும் எப்போதும் ஏறக்குறைய ஒரே சூடு, அடிக்கடி மழை, அதனால் வித்தியாசமே தெரியவில்லை.

கேட்காமல் வந்த ஒன்று பழகிப்போய்ப் பிடித்தும்போனால், அது பின்தேதியிட்ட சம்மதமா? ஆம் என்றால் கங்காணிகளுக்கெல்லாம் மன்னிப்புக் கொடுத்ததாகிவிடும். இல்லை என்றால், ஆன்ட்டிக்கு என்ன பிடிக்கும் என்று அவரைவிட எனக்குத்தான் தெரியும் என்று ஆகிவிடும். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. மழைப் பெட்டியை மட்டும் தனியாக விட்டுவைக்க முடியாது ஆன்ட்டி, வேற ஊரையும் அது காட்டுது என்று விஷயத்தை முழுசாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு அந்த ஊரில் நம்ம ஆளுங்க இருக்காங்களா என்று கேட்டார். இருக்காங்க என்றேன்.

டூல்பார் போய்விட்டது. இப்போது அவர் டெஸ்க்டாப்பில் இரண்டு வானிலைப் பக்கங்களுக்கு ஐகான் இருக்கிறது, ஒன்று பினாங்கு, ஒன்று கயானா. இரண்டாவது அவர் கேட்டு வைத்தது.