விடுவிக்கப்பட்டவர் கடன் தீர்த்தவராவாரா?

வாக்கு என்பது இருவருக்கிடையே இடப்படும் முடிச்சு. அம்முடிச்சை அவிழ்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவை அறநூலார் நெடுங்காலமாக ஆய்ந்து வந்துள்ளனர். இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. மேற்படிப்பையும் மருத்துவப் பயிற்சியையும் நாடி அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளிற் பலர் என்றேனும் ஒருநாள் இதனை எதிர்கொள்ள வேண்டியவராகின்றனர். ‘ஜே-1’ எனப்படும் பரிமாற்ற வருகையாளர் விசாவில் செல்வோர் பலர்மீது, பயிற்சி முடிந்ததும் தாயகம் திரும்பி ஈராண்டுகள் வாழவேண்டும் என்னும் நிபந்தனை விழுகின்றது. அந்நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறவும் அதே சட்டம் வழி வகுத்துள்ளது. விலக்குப் பெற்றவர் தம் கடமையிலிருந்தும் விடுபட்டவராவாரா? இதனையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் நிபந்தனையின் வரலாற்றை அறிதல் நலம். இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின், 1946ஆம் ஆண்டில் செனட்டர் ஃபுல்பிரைட் கொணர்ந்த சட்டமும், 1948ஆம் ஆண்டின் ஸ்மித்-மண்ட் சட்டமும் நாடுகளுக்கிடையே மாணவரையும் அறிஞரையும் பரிமாறிக்கொள்ளும் திட்டங்களுக்கு அடிகோலின. வந்தவர் கற்றதைத் தம் நாட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டும். அப்போதுதான் அது பரிமாற்றம் எனப்படும். வந்தவர் பலர் அங்கேயே தங்கிவிடவே, 1956ஆம் ஆண்டில் ஈராண்டு நிபந்தனை சட்டமாயிற்று. இன்றுள்ள ஜே விசா 1961ஆம் ஆண்டின் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டத்தால் தோன்றியது. 1970இல் நிபந்தனையின் எல்லை குறுக்கப்பட்டது. 1976இல் மருத்துவப் பயிற்சிக்கு வருவோர் தனியே அதனுள் கொண்டுவரப்பட்டனர்.

ஆகவே இன்று மூவகையினர் இந்நிபந்தனைக்கு உட்படுவர். அமெரிக்க அரசின் பணத்தாலோ தம் தாயக அரசின் பணத்தாலோ பயின்றவர் முதல் வகையினர். தம் நாட்டுக்கு மிகத் தேவையான திறன்கள் என வகுக்கப்பட்ட பட்டியலில் அடங்கும் துறையைச் சார்ந்தவர் இரண்டாம் வகையினர். மருத்துவப் பட்டம் பெற்றபின் மேற்பயிற்சிக்குச் சென்ற மருத்துவர் மூன்றாம் வகையினர். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வெளியான புதிய திறன் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. முன்னரே சென்றவர்களுக்கும் அப்பட்டியல் பொருந்துமாதலின், இரண்டாம் வகையில் கட்டுண்டிருந்த இந்தியர் பலரின் முடிச்சு அவர்கள் கைபடாமலேயே அவிழ்ந்தது. அரசுப் பணம் பெற்றவருக்கும் மருத்துவருக்கும் அது அவிழவில்லை.

இந்நிபந்தனை எதைத் தடுக்கின்றது என்பதிலும் தெளிவு வேண்டும். தாயகத்தில் மொத்தம் ஈராண்டுகள் வாழ்ந்து முடிக்கும்வரை, அமெரிக்காவில் நிரந்தரக் குடியுரிமை அட்டையோ, பணிக்குரிய எச் விசாவோ, நிறுவன மாற்றலுக்குரிய எல் விசாவோ பெற இயலாது. அமெரிக்காவில் இருந்தபடியே வேறு விசா நிலைக்கு மாறுவதும் பெரும்பாலும் இயலாது. ஆயினும் அந்நாட்டு மண்ணையே மிதிக்கலாகாது என்பது இதன் பொருளன்று. ஈராண்டுகளும் தொடர்ச்சியாக இருக்கவேண்டுமென்பதும் இல்லை. பகுதி பகுதியாக வாழ்ந்த நாட்களும் கூட்டிக் கணக்கிடப்படும்.

விலக்குக்கு ஐந்து வாயில்கள் உள்ளன. தாயக அரசு ‘எமக்கு மறுப்பில்லை’ என எழுதித் தருவது ஒன்று. மேற்பயிற்சிக்குச் சென்ற மருத்துவருக்கு இவ்வாயில் அடைக்கப்பட்டுள்ளது. அமெரிக்க அரசுத் துறையொன்று ‘இவர் பணி எமக்குத் தேவை’ எனக் கேட்பது இரண்டாவது. திரும்பினால் இனம், சமயம், அரசியல் கருத்து ஆகியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவர் என நிறுவுவது மூன்றாவது. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வாழ்வுரிமையோ பெற்ற வாழ்க்கைத் துணைக்கு, அல்லது பிள்ளைக்கு, அசாதாரணமான இன்னல் நேரும் எனக் காட்டுவது நான்காவது. ஐந்தாவது மருத்துவருக்கே உரியது. வட டகோட்டாவின் செனட்டர் கான்ராடின் முயற்சியால் 1994இல் பிறந்த இத்திட்டத்தின்படி, மருத்துவர் இல்லாத பகுதியில் வாரம் 40 மணி நேரமாக மூன்றாண்டுகள் பணியாற்ற ஒப்புபவருக்காக மாநிலச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கும். ஆண்டொன்றுக்கு ஒரு மாநிலத்துக்கு 20 பேர் என்றிருந்த அளவு 2002இல் 30 ஆயிற்று.

இனி வினாவுக்கு வருவோம். இதுபற்றி நம்மிடையே இரு குரல்கள் கேட்கின்றன. ‘சட்டமே வாயில் திறந்துள்ளது, அதன்வழிச் செல்வதில் என்ன பிழை?’ என்பது ஒன்று. ‘திரும்புவேன் என்று சொல்லிச் சென்றவன் திரும்பாதிருப்பது நம்பிக்கைத் துரோகம்’ என்பது மற்றொன்று. இரண்டும் விரைந்து சொல்லப்பட்ட தீர்ப்புகள் என்றே நாம் கருதுகின்றோம். ஏனெனில் நிபந்தனை வேறு, வாக்குறுதி வேறு.

ஜே-1 விசாவை ஏற்பவர் ஒரு நிபந்தனையை ஏற்கின்றார். ‘ஈராண்டுகள் தாயகத்தில் வாழாவிடில் குடியேற்ற உரிமை கிட்டாது’ என்பதே அதன் சாரம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் ‘ஆறு மாதத்துக்கு முன் காலி செய்தால் முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்காது’ என்றிருந்தால், அதன்படி காலி செய்து அப்பகுதியை இழப்பவரை வாக்குத் தவறியவர் என யாரும் சொல்லார். அதுபோலவே நிபந்தனையையும், அதே சட்டம் தந்த விலக்கையும் சேர்த்தே ஒருவர் ஏற்றுக்கொண்டார். அந்த அளவில் அவர்மீது குறை காண இடமில்லை.

மருத்துவரின் நிலை அவ்வளவு எளிதன்று. ஜே-1 விசாவில் பயிற்சிக்குச் செல்லும் மருத்துவர், ‘இத்துறை மருத்துவர் எம் நாட்டுக்குத் தேவை’ என்னும் சான்றைத் தம் தாயகச் சுகாதார அமைச்சிடமிருந்து பெற்றாக வேண்டும். பயிற்சி முடிந்ததும் நாடு திரும்பித் தொழில் புரிவேன் என எழுத்து மூலம் உறுதியும் அளித்தாக வேண்டும். இஃது அமெரிக்க அரசு விதித்த தடை மட்டுமன்று. தம் நாட்டை நோக்கி அவர் தாமே கூறிய சொல். அமெரிக்கா தான் விதித்த தடையை நீக்கலாம். பிறருக்கு ஒருவர் கொடுத்த சொல்லை நீக்கும் உரிமை அமெரிக்காவுக்கு எங்ஙனம் வரும்? விலக்குக் கடிதம் கையில் இருந்தும் சிலருடைய உள்ளம் அமைதி கொள்ளாதிருப்பதற்குக் காரணம் இதுவே.

கடன் பற்றிய நம் ஃபிக்ஹு நூல்களில் இரு சொற்கள் வழங்குகின்றன. கடன் கொடுத்தவர் தாமாக மனமுவந்து கடனை விட்டுக்கொடுப்பது ‘இப்ரா’. கடன்பட்டவரிடமிருந்து வேறொருவர் பொறுப்புக்குக் கடனை மாற்றுவது ‘ஹவாலா’. இவ்விரு சொற்களும் நம் வினாவுக்கு நல்ல விளக்காகப் பயன்படும்.

தாயக அரசின் ‘மறுப்பில்லை’ கடிதம் பார்வைக்கு இப்ராவை ஒத்துள்ளது. கடன் கொடுத்தவரே விட்டுக்கொடுத்தபின் யார் கேட்பது? ஆயினும் இங்குக் கடன் கொடுத்தவர் உண்மையில் யார்? அலுவலகத்தில் முத்திரையிடும் அதிகாரியல்லர். அரசுக் கல்லூரியில் ஒரு மாணவர் பயிலும்போது, கூலித் தொழிலாளி வாங்கும் தீப்பெட்டியின் வரியும் அச்செலவில் ஒரு துளியாகச் சேர்கின்றது. அரசு அவர்களின் பொறுப்பாளர் மட்டுமே. அனாதையின் சொத்தைப் பராமரிப்பவர், அவ்வனாதைக்கு வரவேண்டிய கடனைத் தம் தாராள மனத்தால் தள்ளுபடி செய்ய உரிமையற்றவர் என்பது நாமறிந்த நெறி. நாட்டின் நலன் கருதி முடிவெடுக்கும் உரிமை அரசுக்கு அப்பராமரிப்பாளரைவிட விரிவானதுதான். ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் நாட்டுக்கு நன்மையே மிகும் என ஓர் அரசு எண்ணுவதும் உண்டு. ஆகவே அக்கடிதம் பொருளற்றதென்று நாம் சொல்லவில்லை. அக்கடிதம் கடனை இலேசாக்கும். முற்றிலும் துடைத்துவிடும் எனக் கொள்ளுதல் அரிது.

கான்ராட் திட்டம் ஹவாலாவை நினைவூட்டுகின்றது. தாயக ஏழைகளுக்குச் செய்யவேண்டிய தொண்டை, அமெரிக்கச் சிற்றூர் ஏழைகளுக்கு மூன்றாண்டுகள் செய்து கழிக்கின்றார் மருத்துவர். நோயின் வலிக்கு நாட்டெல்லை கிடையாது. நெடுந்தொலைவுக்கு மருத்துவரே இல்லாத ஊரில் ஒரு தாயின் பிரசவத்தைக் காத்தவரைப் பழிப்பது நன்றியற்ற செயல். எனினும் உற்று நோக்கின் இம்மாற்றம் ஹவாலாவின் தலைகீழ் வடிவமாக இருக்கக் காண்கின்றோம். ஹவாலாவில் கடன்பட்டவர் மாறுவார். கடன் கொடுத்தவர் மாறார். இங்கோ கடன்பட்டவர் அவரே, கொடுத்தவர்தாம் மாறிவிட்டனர். ஹவாலாவுக்குக் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் நிலை. தாயகத்தில் மருத்துவமனைத் திண்ணையில் காத்திருக்கும் நோயாளியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவருக்குப் பதிலாக வேறொருவர் நலம் பெற்றதையும் அவர் அறியார்.

துன்புறுத்தல், இன்னல் என்னும் இரு வாயில்களின் நிலை வேறு. உயிருக்கும் உரிமைக்கும் அஞ்சுபவரைத் திரும்பச் சொல்வது அறமாகாது. இயலாதவர்மீது கடமை நிற்பதில்லை. பிள்ளைக்குத் தாயகத்தில் கிடைக்காத சிகிச்சை தேவைப்படின் அப்பெற்றோருக்கும் இதுவே விதி. ஆயின் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். குடும்பமும் உடன் சென்றால் இன்னல், பிரிந்து தனியே இருந்தாலும் இன்னல் என இரு நிலையிலும் அது மிகையானதென நிறுவவேண்டும் என்று சட்டம் கேட்கின்றது. பிரிவுத் துயர் மட்டும் போதாது. ஆகவே உள்ளதைப் பெருக்கி எழுதும் ஆசை எழுவது இயல்பு. சிறு தலைவலியைப் பெருநோயாக்கி உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிடுவோர் விலக்குப் பெறலாம்; அவர் கையில் எஞ்சுவது பொய்ச்சாட்சியே.

‘படித்தவனுக்கு நாடு என்ன செய்தது? பணியிடம் தந்ததா, கருவி தந்ததா?’ எனச் சிலர் வினவுவர். இவ்வினாவில் நியாயம் இருக்கின்றது. ஓர் அரசு தன் கடமையைச் செய்யாது, ஓர் இளைஞரின் தோளில் மட்டும் தேசத்தின் சுமையை ஏற்றுதல் முறையன்று. சொந்தப் பணத்தில் தனியார் கல்லூரியில் பயின்றவரின் கடனும், மக்கள் பணத்தில் பயின்றவரின் கடனும் ஒரே எடையுடையன அல்ல. ஆனால் அரசின் குறை அரசின் உரிமையைக் குறைக்குமேயன்றி நோயாளியின் உரிமையைக் குறைக்காது. கணக்குப்பிள்ளை ஒழுங்கற்றவராயின், முதலாளிக்குத் தரவேண்டியது இல்லாமற் போய்விடுமோ?

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கருதத்தக்கது நிய்யத். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட், திருப்பித் தரும் எண்ணமின்றியே ‘திருப்பித் தருவேன்’ எனக் கடன் வாங்குவோரின் உதாரணத்தை 1785ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். எல்லோரும் அவ்வாறே செய்தால் வாக்கு என்னும் சொல்லே பொருளிழந்துபோகும் என்பது அவர் வாதம். திரும்பும் எண்ணத்துடன் கையொப்பமிட்டுப் பின்னர் சூழ்நிலை மாறியதால் விலக்கு நாடுபவர் ஒருவகை. கையொப்பமிடும்போதே எந்த வாயில் வழியாக வெளியேறலாம் எனக் கணக்கிட்டவர் வேறுவகை. இருவர் கையிலும் இருப்பது ஒரே கடிதம். அலுவலகத்துக்கு வேறுபாடு தெரியாது. முன்னவர் ஒரு கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டார். பின்னவர் அக்கடமையைத் தொடக்கத்திலேயே ஏற்கவில்லை. ஏற்றதாகச் சொல்லி மட்டும் வைத்தார்.

எனவே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நாம் கூறுவது இதுவே. கையொப்பமிடுமுன் அத்தாளில் எழுதியிருப்பதை முழுமையாகப் படியுங்கள். திரும்ப எண்ணமில்லையெனில் அவ்வுறுதியைக் கேட்காத வேறு வழியை நாடுங்கள். அது கடினமாயினும் நேரியது. பயிற்சி பெற்ற மகனை ‘அங்கேயே இருந்துவிடு’ என வற்புறுத்தும் தந்தை, மகன் யாருக்குச் சொல் கொடுத்துள்ளான் என்பதையும் கேட்டறியட்டும். உண்மையான காரணத்தால் விலக்குப் பெற்றவர் குற்ற உணர்வால் குன்ற வேண்டியதில்லை. ஆனால் அவர் தம் கணக்குப் புத்தகத்தை மூடிவிடலாகாது. ஆண்டுதோறும் விடுமுறையில் தாம் பயின்ற மருத்துவமனையில் இளையோருக்குக் கற்பிக்கலாம். தம் துறையின் கருவியொன்றை ஊர் மருத்துவமனைக்கு வாங்கித் தரலாம். தம்மைப்போல் வரும் ஏழை மாணவர் ஒருவரின் படிப்பை ஏற்கலாம்.

சட்டம் கேட்பது ஈராண்டுகளை. அதனைச் சட்டமே தள்ளுபடி செய்யவும் கூடும். அவர் வருவாரெனக் காத்திருந்தவருக்கு உரியதைத் திருப்பித் தருவது, அதன்பின் அவரவர் மனச்சான்றின் பொறுப்பாகின்றது.