பரிசாகும் காதல்: கணினி விளையாட்டுகளில் இசைவும் மறுப்பும்

ஆடுவோர் தாமே ஒரு கதைமாந்தராகி, உரையாடியும் முடிவெடுத்தும் கதையை நடத்திச் செல்லும் கணினி விளையாட்டுகளில் காதல் நிலைத்த கூறாகிவிட்டது. கனடாவின் பயோவேர் நிறுவனம் 2000இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 2' இதற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று. இக்காதலை ஒழுக்கக்கேடு என ஒதுக்குவோரும் உளர். கற்பனைதானே என விடுவோரும் உளர். அக்காதல் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை இருசாராரும் நோக்குவதில்லை.

போலந்திலிருந்து 2007இல் வந்த 'தி விட்சர்' விளையாட்டில், தலைவன் ஒரு பெண்ணைக் கூடினால் ஆடுவோர்க்கு அவள் உருவம் தீட்டிய சீட்டொன்று பரிசாகக் கிடைத்தது. அமெரிக்கப் பதிப்பில் அச்சீட்டுகளின் ஆடையின்மை மறைக்கப்பட்டது. சீட்டுச் சேர்க்கும் முறை அப்படியே நின்றது. தணிக்கையின் கண்ணுக்கு உடல் தெரிந்தது, எண்ணிக்கை தெரியவில்லை போலும். 2009இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' இன்னும் நயமானது. எனினும் அங்கும் பரிசுப்பொருள் கொடுக்கக் கொடுக்கத் துணைமாந்தரின் இணக்க மதிப்பெண் உயரும். மறுப்பு என்பது அங்குப் பெரும்பாலும் கொடுத்தது போதாமையே.

ஒருதலைக் காமமாகிய கைக்கிளையைத் தொல்காப்பியம் ஒத்த காமமாகிய ஐந்திணையினின்று பிரித்து வைக்கும். கைக்கிளையில் மறுமொழி இல்லை. இவ்விளையாட்டுகளிலோ மறுமொழி உண்டு, மறுக்கும் உரிமை இல்லை. ஆதலின் இது கைக்கிளையினும் ஒரு படி தாழ்ந்தது எனலாம். எதிரிலிருப்பது உயிரன்று, ஆகவே தீங்குறுவார் எவருமிலர் என்பது உண்மையே. ஆயின் இங்கு வினவத்தக்கது ஆடுவோர் பழகும் பார்வை பற்றியது.

பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் தன் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டை 2023 ஜூலையில் விளம்பரப்படுத்தியபோது, கரடி உருக்கொண்டவனோடு கூடும் காட்சியை முன்னிறுத்தியது. அந்நேரலையை டிக்டாக் தளம் தடை செய்தது, தடையும் விளம்பரமாயிற்று. அதே விளையாட்டின் ஆஸ்டாரியன் என்னும் குருதியுண்ணி, தன் ஆண்டானுக்காகப் பிறரை மயக்கி அழைத்துவர நெடுங்காலம் ஏவப்பட்ட அடிமை. தன்னைக் கடிக்குமாறு ஒருத்தி வேண்ட அவன் தயங்குகிறான். ஆடுவோர் அத்தயக்கத்தை மதித்தால், பாதுகாப்புக்காகவே அவர்களையும் மயக்கியதாகப் பின்னர் அவன் ஒப்புக்கொள்கிறான். அதன்பின் கூட்டமின்றியும் உறவு தொடரலாம். விளம்பரம் காட்டாத இக்காட்சியே அவ்விளையாட்டின் அறநுட்பம் மிக்க பகுதியாகும். ஆயினும் அவன் மறுப்பை மதித்த ஆடுவோர்க்கும் அவனது இணக்க மதிப்பெண் உயரவே செய்கிறது.