மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளலாமா?

புக்கிட் மேராவில் ஹெண்டர்சன் சாலையில் இருக்கும் கான் எங் செங் பள்ளி 1885இல் தொடங்கப்பட்டது. பள்ளி நிலைத்து நிற்கும், முதல்வர்கள் மாறுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களை வேறு பள்ளிக்கு அனுப்புவது சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் வழக்கம். நல்ல தலைமை ஓரிடத்தில் தேங்கிவிடக் கூடாது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் போகப்போகிற முதல்வர், இருக்கப்போகிற ஆசிரியர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்?

ஆசிரியர் மகிழ்ந்தால் மாணவர் தேர்ச்சி கூடும், ஆகவே ஆசிரியரை மகிழ்விக்க வேண்டும் என்ற வாதம் அடிக்கடி கேட்கிறது. அப்படியானால், வாட்டினால் தேர்ச்சி கூடும் என்று தெரியவந்தால் வாட்டலாமா? மனிதரைக் கருவியாக்கும் அந்தக் கணக்கை ஏற்க முடியாது. ஊழியரைக் குளிர்விப்பதே தலைமை என்பதும் சரியல்ல. மூத்தவர்கள் மனம் கோணாதிருக்க, கடினமான வகுப்பைப் புதிதாய் வந்தவர் தலையில் கட்டும் முதல்வர் எல்லோருக்கும் இனியவராகத் தெரிவார். விலை கொடுப்பது அந்தப் புதியவரும் பிள்ளைகளும்.

பணிச்சுமையைப் பாருங்கள். பொருளியல் ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2018இல் நடத்திய ஆய்வின்படி, சிங்கப்பூர் ஆசிரியர் வாரத்துக்கு ஏறத்தாழ 46 மணி நேரம் உழைத்தார். அதில் வகுப்பில் கற்பித்தது 18 மணி நேரம். தாள் திருத்துவதும் பாடம் தயாரிப்பதும் தவிர்க்க முடியாதவை. கூட்டங்கள், அறிக்கைகள், விழா ஏற்பாடுகள், இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றில் பெரும்பகுதி மேலிருப்பவர் நினைத்தால் குறையக்கூடியது.

‘யாரும் குறை சொல்லவில்லையே’ என்பார்கள். எப்படிச் சொல்வார்கள்? குறையைக் கேட்கும் மேலதிகாரியே ஆண்டு முடிவில் ஆசிரியரின் பணித் தரநிலையைப் பரிந்துரைக்கிறார். ஊக்கத்தொகையும் பதவி உயர்வும் அதைச் சார்ந்தவை. இதற்கு மாறாக, துணைப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீ தலைமையிலான கல்வி ஆய்வுக் குழுவின் 1979ஆம் ஆண்டு அறிக்கை, ஆசிரியர்களின் மனச்சோர்வை வெளிப்படையாகப் பதிவுசெய்தது. அக்குழுவில் பெரும்பாலோர் கல்வித்துறையைச் சேராத பொறியாளர்கள். ஆசிரியர்களின் தலைவிதி அந்தப் பொறியாளர்கள் கையில் இருக்கவில்லை. கேட்பவரிடம் அதிகாரம் குறைவாக இருக்கும்போதுதான் உண்மை வாய் திறக்கிறது.

ஆகவே மதிப்பீடு செய்யாத ஒருவரிடம் மனம்விட்டுப் பேச வழி செய்வதும், தரநிலைக்கான காரணத்தை முகத்துக்கு நேரே சொல்வதும் தலைமையின் பெருந்தன்மை அல்ல, கடமை. இந்த அளவுகோலால் பார்த்தால், கடுமையாகப் பேசினாலும் காரணத்தைச் சொல்லி மறுப்பையும் கேட்கும் முதல்வரைவிட, ஆண்டு முழுதும் சிரித்துப் பழகிவிட்டு விளக்கமின்றித் தரத்தைக் குறைப்பவரே ஊழியருக்குப் பெரிய அநீதி செய்கிறார்.