வேலை செய்யாத நெருப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரீ-ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பார்த்தவன் நான். பில்லட்டை 1,100, 1,200 டிகிரிக்குக் காய்ச்சி, செக்கச் செவேலென்று ரோலுக்கு அனுப்புகிற வேலை. அங்கே சூட்டுக்கு ஒரே நியாயம்தான். இரும்புக்குள் போனால் லாபம், போகாவிட்டால் நஷ்டம். கதவு இடுக்கில் கசிவதும், தீச்செங்கல் சுவர் வழியே இறங்குவதும், புகைக்கூண்டில் ஏறிப்போவதும் நஷ்டக் கணக்கில் சேரும். அதைக் குறைக்கத் தெரிந்தவன்தான் நல்ல ஃபர்னஸ்காரன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து என்னிடம் வேலை பழகிய பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே கதவைச் சாத்துவதுதான்.

அப்படியே வாழ்நாளைக் கழித்தவனுக்கு, கதவைத் திறந்துவைப்பதற்கென்றே உடம்புக்குள் ஒரு திசு இருக்கிறது என்று தெரிந்தபோது, அது மருத்துவச் செய்தியாகப் படவில்லை. எந்தக் காரியத்துக்கும் உதவாமல் வெறும் சூடாகப் போகிற நெருப்பைப் படைத்தவன் எதற்காக வைத்தான் என்ற கேள்வியாகத்தான் பட்டது.

பழுப்புக் கொழுப்பு என்பார்கள். இடுப்பிலும் வயிற்றிலும் தொங்குகிற வெள்ளைக் கொழுப்பு சேமிப்பு. பழுப்பு, எரிக்கிற கொழுப்பு. நாம் தின்ற சோறு கடைசியில் உயிரணுவுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவில் எரிகிறது. அந்த எரிப்பின் விசையில் புரோட்டான்கள் ஒரு சவ்வுக்கு அந்தப்பக்கம் தள்ளப்பட்டு நெருக்கியடித்து நிற்கும். அவை ஒரு வாசல் வழியாகத் திரும்பினால் ஏடிபி உண்டாகிறது. கை அசைவதும் இதயம் துடிப்பதும் அந்த ஏடிபியில்தான். பழுப்புக் கொழுப்பிலோ யூசிபி1 என்ற புரதம் இன்னொரு வாசலைத் திறக்கிறது. அந்த வழியே வருகிற புரோட்டான் எதையும் உண்டாக்குவதில்லை; விசை முழுவதும் சூடாகவே கரைகிறது. குளிர் தோலில் பட்டதும் நரம்பு நுனிகளில் நார்அட்ரினலின் சுரந்து அந்த வாசலைத் திறக்கச் சொல்கிறது. ரத்தத்திலிருந்து சர்க்கரையும் கொழுப்பும் உள்ளே இழுக்கப்பட்டு எரிகின்றன. அதன் பழுப்பு நிறத்துக்குக் காரணம் இரும்பு என்று படித்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம். மைட்டோகாண்ட்ரியா அங்கே திரளாக இருப்பதால், அவற்றிலுள்ள இரும்பு கலந்த புரதங்களின் நிறம் திசுவுக்கே ஏறிவிடுகிறதாம்.

1551-லேயே ஸ்விட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர், குளிர்காலம் முழுக்கத் தூங்கும் மார்மட் என்ற மலைப்பிராணியின் தோள்களுக்கு நடுவே இதைப் பார்த்து, கொழுப்பும் இல்லை சதையும் இல்லை என்று எழுதிவைத்தார். மனிதர்களில் இது குழந்தைப் பருவத்தோடு போய்விடும் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினின் ஒரே இதழில் மூன்று ஆய்வுகள் வந்தன. பெரியவர்களின் கழுத்தடியிலும் காறை எலும்புக்கு மேலேயும் அது உயிரோடு வேலை செய்கிறது என்று பெட் ஸ்கேனில் காட்டின. அன்றிலிருந்து ஆரம்பித்தது, இதை எப்படித் தூண்டிவிட்டு எடையையும் சுகரையும் குறைக்கலாம் என்ற தேடல்.

ஆனால் நான் நின்றுபோனது குழந்தையிடத்தில்.

பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. போர்வையை இழுத்துக்கொள்ள வராது. எழுந்து அடுப்பருகே போகவும் முடியாது. அதற்காகவே தாயின் வயிற்றில் கடைசி மாதங்களில் அதன் முதுகிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இந்தப் பழுப்புக் கொழுப்பு சேர்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்கு வரை. வேலை எதுவும் செய்யத் தெரியாத உயிருக்கு, வேலை எதுவும் செய்யாத நெருப்பு. சம்பாதிக்காமல் கிடைத்த சூடு. இதை வெறும் ரசாயனம் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அருள் என்று பெரியவர்கள் சொன்னது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: தகுதி பார்க்காமல், திருப்பிக் கேட்காமல், கேட்க வாய் வருவதற்கு முன்னாலேயே வந்து நிற்பது.

என் மகளுக்குக் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. கடைசி மாதங்கள் கிடைக்காத பிள்ளைக்கு இந்த நெருப்பும் சரியாகச் சேர்ந்திருக்காது. அரசு மருத்துவமனையில் நர்ஸம்மா குழந்தையைத் துணியில்லாமல் அவள் மார்போடு ஒட்டவைத்து, மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார். "கங்காரு மாதிரி வச்சுக்கம்மா, கீழே எறக்காதே" என்றார். அவளுக்குக் கை ஓய்ந்தபோது மருமகன் சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் தவித்த எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கிய முறை இது. பிறந்தவுடனே இப்படி வைத்தால் எடை குறைந்த குழந்தைகளின் சாவு கால்வாசி குறைகிறது என்று 2021-இல் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு சொன்னது. அதில் இந்தியாவும் ஒன்று. உள்ளே நெருப்பு போதவில்லையா, இன்னொரு உடம்பு கொடுக்கும். அந்தச் சூடும் நஷ்டக் கணக்குதானா?

எங்கள் சமயங்கள் இந்த உள்நெருப்பை வெகு காலமாகப் பேசிவருகின்றன. கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் கண்ணன், உயிர்களின் உடலில் இருந்து உணவைச் செரிக்கிற வைசுவாநரன் என்ற தீ தானே என்கிறான். நான் சன்மார்க்கி என்பதால் எனக்கு நெருக்கமானவர் வள்ளலார். அவருடைய தாயார் சின்னம்மையார் எங்கள் பக்கத்துப் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்துக்காரர். பசியை ஏழைகளின் உடலில் பற்றிய நெருப்பாகவே வள்ளலார் கண்டார். அதை அணைக்கத்தான் 1867 மே 23-ஆம் தேதி வடலூரில் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். இன்றுவரை அந்த அடுப்பு அணையவில்லை. இன்னொரு சூட்டையும் அவர் உபதேசத்தில் சொல்கிறார். நமக்கும் அருளுக்கும் நடுவே இருக்கிற திரை நீங்க ஓர் உஷ்ணம் வேண்டும், யோகிகள் காட்டிலும் மலையிலும் வெகுகாலம் தவம் செய்து அதை உண்டாக்குகிறார்கள், அதைவிட விசாரத்தாலும் தெய்வத்தை நினைத்து உருகுவதாலும் அது உண்டாகும் என்பது அவர் கருத்து. 1982-இல் ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன், தர்மசாலாப் பக்கத்துத் திபெத்தியத் துறவிகள் தும்மோ தியானத்தில் கை, கால் விரல்களின் சூட்டை 8.3 டிகிரி வரை ஏற்றியதை அளந்து நேச்சர் இதழில் எழுதினார். வள்ளலார் சொன்ன உஷ்ணமும் பென்சன் அளந்ததும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். தெர்மாமீட்டரில் ஏறுவதை அருளுக்குச் சாட்சியாக்குவது இரண்டுக்குமே அவமரியாதை.

இப்போது மகன் சொல்வதற்கு வருகிறேன். "அப்பா, பச்சைத் தண்ணியில குளிங்க. பழுப்புக் கொழுப்பு வேலை செஞ்சா உங்க சுகர் குறையும்" என்கிறான். அன்பில் சொல்கிறான், பொய்யும் இல்லை. ஜப்பானில் 17 டிகிரி அறையில் தினம் இரண்டு மணி நேரம் ஆறு வாரம் உட்காரவைத்தபோது உடல் கொழுப்பு கொஞ்சம் குறைந்தது. நெதர்லாந்தில் சுகர்க்காரர்களை 14, 15 டிகிரியில் பத்து நாள் பழக்கியபோது இன்சுலின் நன்றாக வேலை செய்தது. ஆனால் அந்த நன்மையின் பெரும்பங்கு தசையில் நடந்தது, பழுப்புக் கொழுப்பில் அல்ல. மிளகாய்க் காரத்துக்கும் பழுப்புக் கொழுப்பை ஓரளவு தூண்டும் குணம் உண்டு. தெற்காசிய வம்சத்து இளைஞர்களுக்கு வெள்ளைக்காரர்களைவிட இந்தக் கொழுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று 2014-இல் லெய்டனில் ஒரு சின்ன ஆய்வு காட்டியது. கும்மிடிப்பூண்டியிலோ மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. தை மாத விடியலில்கூட 20 டிகிரிக்கு வெகு கீழே இறங்குவதில்லை. குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கினால் ரத்த அழுத்தம் குதிக்கும் என்பதால் இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

எனக்கு உறுத்துவது வேறு. என் அக்கா மகன் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். மைனஸ் 18 டிகிரியில் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டி அடுக்குகிறான். வட பின்லாந்தில் வெளிக்குளிரில் உழைத்தவர்களின் உடலில் பழுப்புக் கொழுப்பு கூடுதலாக இருந்ததை 1981-லேயே எழுதியிருக்கிறார்கள். கூலிக்காக ஒருவன் தாங்குகிற குளிரை, தின்றது கரைய வேண்டும் என்று இன்னொருவன் காசு கொடுத்து ஐஸ் தொட்டியில் வாங்குகிறான். தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, உடம்பு அவனவனுடையது. ஆனால் அதை நோன்பு, தவம் என்று சிலர் சொல்லும்போது என் மனம் ஒப்பவில்லை.

திருவள்ளூர் வீரராகவர் கோயில் தல புராணத்தில் சாலிஹோத்திர முனிவர் ஒரு வருஷம் பட்டினித் தவம் இருக்கிறார். முடிந்ததும் மாவு சமைத்து விருந்தாளிக்காகக் காத்திருக்கிறார். வந்த கிழவர் தன் பங்கைத் தின்றும் பசி தீரவில்லை என்கிறார். முனிவர் தன் பங்கையும் கொடுத்துவிட்டு மறுபடியும் ஒரு வருஷம் பட்டினிக்குத் திரும்புகிறார். அமாவாசை தோறும் அந்தக் கோயில் குளத்தில் முங்கி எழுகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ, எனக்கு அந்த இரண்டாவது பங்குதான் தவம். தின்றபின் எரிக்க வழி தேடுவதைக் காட்டிலும், தின்பதற்கு முன்பே கைமாற்றிவிடுவது பெரிது. எரிக்கிற நெருப்பை இறைவன் குழந்தைக்காக வைத்தான். என் இரண்டாம் தட்டுச் சோற்றுக்குக் குப்பை எரிப்பானாக வைக்கவில்லை.

இதை எங்கள் சன்மார்க்க சங்கத்தில் சொன்னபோது பொன்னேரி ஐயா ஒருவர் மறுத்தார். "நீங்க விட்ட ஒரு கரண்டி சோறு பசிச்சவன் வயித்துக்கா போவுது, ஐயா? உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குத்தானே போவுது? அதுக்கு ஒருத்தன் பச்சைத் தண்ணியில நின்னு உடம்பைக் காப்பாத்திக்கிட்டா, நாளைக்கு நாலு பேருக்கு ஒத்தாசையா இருப்பான்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. அதனால்தான் எங்கள் வீட்டில் உலை வைக்கும்போதே பிடி அரிசி எடுத்துத் தனி டப்பாவில் போடுகிறோம். மாதப் பூசத்தன்று சங்கத்துக்காரர்கள் வந்து வாங்கிப்போய், ஷிஃப்ட் விட்டு வருகிற வெளிமாநிலப் பையன்களுக்குக் கஞ்சியாக ஊற்றுகிறார்கள். மீதிப் பாதிக்கு, அதாவது தன் உடம்பைப் பேணுவதும் ஜீவகாருண்யத்தில் சேருமா என்பதற்கு, நான் இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த பூசத்துக்கு அவர் வருவார், அப்போது பேசலாம் என்றிருக்கிறேன்.