முடியைப் பற்றி மட்டும் பேசுகிறோம்

ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் வாய் திறக்கலாம் என்று நம் ஊர் விட்டுவைத்திருக்கும் விஷயங்கள் இரண்டு. ஒன்று எடை. இன்னொன்று தலைமுடி. "என்னடி, ஜடை எலிவால் மாதிரி ஆயிடுச்சு?" என்று கேட்க நெருங்கிய உறவாக இருக்க வேண்டியதில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார், லிஃப்டில் கூட ஏறியவர் கேட்பார். கேட்ட கையோடு வைத்தியமும் வந்துவிடும்: சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி, ஊறவைத்து அரைத்த வெந்தயம், யாரோ காய்ச்சி விற்கும் எண்ணெய்.

என் அக்கா மகளுக்கு 23 வயதில் வகிடு அகலமாகத் தொடங்கியது. வீடே கூடிக் காரணம் தேடியது. ஓ.எம்.ஆர். பக்கத்து ஹாஸ்டலின் போர் தண்ணீர்தான் என்றார் அவள் அப்பா. ஹெல்மெட் என்றான் தம்பி. ராத்திரியெல்லாம் போனைப் பார்த்தால் கொட்டாமல் என்ன செய்யும் என்றாள் அக்கா. பாட்டி தென்காசியிலிருந்து எண்ணெய் காய்ச்சி அனுப்பினார். இத்தனை விவாதத்திலும் வராத ஒரு செய்தி அவளுடைய ரூம்மேட்டுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பீரியட்ஸ் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் என்னிடம் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "எப்படி சித்தி? அம்மா எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க. அப்பா பக்கத்துலயே இருப்பாரு."

முடி கொட்டுவதைச் சபையில் பேசலாம், மாதவிலக்கு தள்ளிப்போவதைப் பேசக்கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருந்தாலும் நாம் ஒன்றுக்கு மட்டுமே கூட்டம் போடுகிறோம்.

தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளரும், இரண்டு மூன்று மாதம் ஓய்ந்திருக்கும், பிறகு விழுந்து அதே குழியில் புதிதாக முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. பெண்ணின் சினைப்பையும் அட்ரீனல் சுரப்பியும் கொஞ்சம் ஆண் ஹார்மோனையும் சுரக்கின்றன. அதில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பங்கு முடிக்குழியிலேயே இன்னும் வீரியமான டிஹெச்டியாக மாறுகிறது. பரம்பரையாக அதற்கு ஈடுகொடுக்க முடியாத குழிகள் சிறிது சிறிதாகச் சுருங்குகின்றன. வளரும் காலம் குறைந்து, ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்பைவிட மெல்லியதாக முளைக்கிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் நெற்றியோரம் அப்படியே நிற்க, நடுவகிடுதான் விரியும். வினோதம் என்னவென்றால், இதே ஹார்மோன் தாடையிலும் மேலுதட்டிலும் பூனைமுடியாக இருந்ததைக் கறுத்துத் தடிக்க வைக்கிறது. வேண்டிய இடத்தில் பிடுங்கி வேண்டாத இடத்தில் நடுகிறது. த்ரெடிங் செய்துவிடும் பார்லர் அக்காவுக்குத்தான் அநேகமாக முதலில் தெரியும், அப்புறம்தான் டாக்டருக்கு.

ஆண் ஹார்மோன் கூடி விலக்கும் தள்ளிப்போகும் நிலையை, ஊரில் நீர்க்கட்டி, பிசிஓடி என்று சொல்லப்படும் பிசிஓஎஸ்ஸை, ஸ்டெயின், லெவென்தால் என்ற இரண்டு சிகாகோ மருத்துவர்கள் விவரித்தது 1935இல். ஸ்கேனில் தெரிபவை, அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல, முழுதாக முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகள். பல பெண்களுக்கு இதன் அடியில் இன்சுலின் இருக்கிறது. உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. அது சினைப்பையைக் கூடுதலாக ஆண் ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது. அந்த ஹார்மோனைக் கட்டிவைக்க வேண்டிய புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடுகிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம், அவர்களில் 70 சதவீதம் வரை தமக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இங்கே கல்யாணம் வந்து குறுக்கே நிற்கிறது. முடிக்கென்று தோல் மருத்துவரிடம் போனால், "தை மாசம் பார்க்க ஆரம்பிக்கிறோம் டாக்டர், அதுக்குள்ள சரி பண்ணிடுங்க" என்கிறோம். விலக்கு ஒழுங்காக வரவில்லை என்று மகள் வாய் திறந்தாலோ, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்கிறோம். முடிக்குக் கெடு கல்யாணத்துக்கு முன்னால், விலக்குக்குக் கெடு கல்யாணத்துக்குப் பின்னால். வெளியே தெரிவதை உடனே மூடு, உள்ளே இருப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பொருள். தாலி கட்டினால் இன்சுலின் இறங்காது. மாதக்கணக்கில் விலக்கு வராமல் விட்டுவைத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் கூடும்.

இன்னொன்றும் எனக்குப் புரிவதில்லை. கோயில் விசேஷம், கிரகப்பிரவேசம் என்றால் விலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிவரச் சொல்வதில் எந்த வீட்டிலும் தயக்கமில்லை. அதுவும் ஹார்மோன் மாத்திரைதான். அதையே ஒரு டாக்டர், காரணம் சொல்லி, அளவு சொல்லி எழுதிக் கொடுத்தால், "ஐயோ, ஹார்மோன் மாத்திரையா, வேண்டவே வேண்டாம்" என்று சீட்டை மடித்து வைத்துவிடுகிறோம்.

எல்லா உதிர்தலும் பிசிஓஎஸ் அல்ல. தைராய்டு குறைந்தாலும் கொட்டும், கூடினாலும் கொட்டும். எனக்குப் பிரசவத்துக்குப் பின் சீப்பு நிறைய வந்தபோது, "பிள்ளை முகம் பார்க்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்" என்றார் மாமியார். காரணத்தைக் குழந்தைமேல் போட்டாலும் கணக்கு சரிதான். கர்ப்பத்தில் உயர்ந்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் விழ வேண்டிய முடியைப் பிடித்து வைக்கிறது. பேறானதும் அது சரிகிறது, பிடித்து வைத்ததெல்லாம் மூன்று நான்கு மாதத்தில் மொத்தமாக இறங்குகிறது. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் திரும்ப அடர்ந்துவிடும். டெங்கு, டைபாய்டு, பட்டினி டயட் எல்லாவற்றுக்கும் இதே இரண்டு மூன்று மாத இடைவெளி உண்டு. நாமோ காய்ச்சலை மறந்துவிட்டுப் போன வாரம் மாற்றிய ஷாம்புவைத் திட்டுவோம். ஆண் ஹார்மோன் அளவு சோதனையில் இயல்பாகவே இருந்து, பரம்பரையால் மட்டும் வகிடு விரிகிறவர்களும் நிறையப் பேர். இரும்புச்சத்தையும் விட முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலை டிபனை விட்டுவிட்டு டீயோடு பஸ் பிடிக்கும் பெண்ணுக்கு எண்ணெய் என்ன செய்யும்?

மருந்தைப் பொறுத்தவரை, பெண்ணுக்கு எல்லாமே தாமதமாகத்தான் வந்திருக்கிறது. வழுக்கைக்கு ஆண் ஹார்மோனும் பரம்பரையும் சேர வேண்டும் என்று ஜேம்ஸ் ஹாமில்டன் அமெரிக்காவில் ஆண்களை வைத்துக் காட்டியது 1942இல். பெண்களின் முடி எப்படிக் குறைகிறது என்பதை லுட்விக் என்பவர் வகைப்படுத்தியது 1977இல். ரத்தக்கொதிப்பு மாத்திரையாக இருந்து, சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததால் தலைக்குத் தடவும் மருந்தான மினாக்ஸிடில், அமெரிக்காவில் ஆண்களுக்கு 1988இல் அனுமதி பெற்றது, பெண்களுக்கு 1991இல். அதைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் பலர். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், ஏனென்றால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளைக் கர்ப்பமாக இருக்கும்போது சாப்பிடவே கூடாது. தோழிக்குக் கேட்டது என்று கடையில் வாங்கும் சமாச்சாரமல்ல இவை. பயோட்டின் மிட்டாய் சாப்பிடுகிறவர்கள் அதை ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும், தைராய்டு முடிவையே அது தப்பாகக் காட்டிவிடக்கூடும்.

"முடிதானே, போனா வளரும்" என்று ஆறுதல் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பாத்ரூம் ஜல்லடையில் சுருண்டு கிடப்பதைக் குனிந்து எடுக்கும் 23 வயதுப் பெண்ணின் துக்கம் உண்மையானது. அதை அற்பம் என்று சொல்லும் உரிமை, அவள் ஜடையைப் பார்த்துக் கேள்வி கேட்டே வளர்த்த நமக்கு இல்லை. அக அழகுதான் முக்கியம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. முழுசாகத் திரும்பி வரும் என்றும் சொல்லவில்லை, சிலருக்கு வராது. என் பாட்டி காலத்தில் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் சவுரி தொங்கும். யாரும் அதை ஒளித்ததில்லை. இன்று முகூர்த்தத்தில் இடுப்புக்குக் கீழே இறங்கும் பூ ஜடையும் பெரும்பாலும் சவுரிமேல் தைத்ததுதான். அதைப் போட்டோவில் பார்த்துவிட்டுத் தன் முடியைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள் பிள்ளைகள்.

மருத்துவரிடம் போகிறவர்கள் உதிர்ந்த முடியைச் சுருட்டி ஒரு கவரில் போட்டு எடுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அதோடு ஒரு தாளும் எடுத்துப்போங்கள். கடந்த ஆறு மாத விலக்குத் தேதிகள், அண்மையில் வந்த காய்ச்சல், சாப்பிடும் மாத்திரைகள், முகத்தில் புதிதாக வந்த முடி அல்லது பரு எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். இடைவெளி 35 நாளுக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். எண்ணெய் தேய்ப்பது உங்கள் இஷ்டம்.