நம்பிக்கையும் நூற்பயிற்சியும்

மலேசியாவில் 1970ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்ற ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளுள் இறைநம்பிக்கையே முதலாவதாக நிற்கின்றது. பள்ளிச் சபைகூடலில் மாணவர் அதனை ஒரே குரலில் ஒப்புவிக்கின்றனர். குரல் ஒன்றாயினும் வழிபாடு ஒன்றன்று. திருநீறு அணிந்தவரும் சிலுவை பூண்டவரும் தொழுகைக்குச் செல்பவரும் அவ்வரிசையில் உளர். அவர்கள் அனைவர்க்கும் தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியரிடத்து ஒரு வினா எழுதல் இயல்பே. தன் சமயத்தில் உறுதியாக நிற்கும் ஒருவன் பிற சமய நூலை எத்தகைய மனத்தோடு கற்றல் வேண்டும்?

இவ்வினாவினின்று தமிழ் கற்போர் எவரும் தப்ப இயலாது. தமிழ் இலக்கியமே பல சமயத்தாரும் கூடி எழுப்பிய மாளிகையன்றோ! சீவக சிந்தாமணி சமணம் தந்தது. மணிமேகலை பௌத்தம் தந்தது. பெரியபுராணம் சைவத்தின் செல்வம். சீறாப்புராணம் இசுலாத்தின் கொடை. தேம்பாவணி கிறித்துவத்தின் அணிகலன். தம் சமய நூலையே கற்பேன் என்பார், பெரிய மாளிகையின் ஓர் அறையில் மட்டும் விளக்கேற்றிக்கொண்டு வாழ்பவர் ஆவார்.

அஞ்சி விலகுவோர் ஒருபுறமிருக்க, வேறு இரு பிழைகளும் நம்மிடையே உள்ளன. நூலின் நம்பிக்கையை ஒதுக்கிவிட்டு அணியையும் இலக்கணக் குறிப்பையும் மட்டும் தேர்வுக்காகக் கற்பது ஒன்று. எல்லாச் சமயமும் ஒன்றே என்று கூறி அமைந்துவிடுவது மற்றொன்று. பின்னது செவிக்கு இனியது. ஆயினும் ஊன்றிப் படிப்பவர்க்கு உடன்பாடாகாது. நிலைத்த உயிர் உண்டு என்பது சைவமும் சமணமும் கொண்ட கொள்கை. பௌத்தமோ அதனை மறுக்கின்றது. இவற்றை ஒன்றென்று சொல்பவர் இவற்றுள் எதனையும் உள்ளவாறு கற்றவரல்லர்.

செல்லத்தக்க நெறியை டாக்டர் உ. வே. சாமிநாதையர் வாழ்வில் காணலாம். சைவச் சூழலில் வளர்ந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவர்க்குச் சிந்தாமணியின் சமணக் கருத்துகள் புதியனவாக இருந்தன. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச்சென்று, அந்நூலைத் தெய்வமாகப் போற்றுவோர் வாயிலாகவே ஐயம் தெளிந்தார். 1887இல் சிந்தாமணியும் 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அவர் தம் சமயத்தைத் துறந்தாரல்லர். பிறர் சமயத்தைத் தம் சமயத்தின் அளவுகோலால் அளந்தாருமல்லர். நூலுக்குரியவன் எவ்வாறு உணர்வானோ அவ்வாறு உணர முயன்றார்.

அவர் பதிப்பித்த மணிமேகலையும் இதனையே உணர்த்துகின்றது. அக்காப்பியத்தலைவி வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளையும் அணுகி, அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். எல்லாம் ஒன்றே என்று அவள் முடிவு கட்டவில்லை. கேட்டு, ஆராய்ந்து, பௌத்த அறத்தையே மேற்கொள்கின்றாள். இங்கு நாம் கருதத்தக்கது இன்னும் ஒன்று உண்டு. அவள் தத்துவம் கேட்டது பின்னர். அமுதசுரபி ஏந்திப் பசி தீர்த்தது முன்னர். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்ததும் அதற்கு முன்னரே. பசித்தவன் எச்சமயத்தான் என்று அவள் வினவவில்லை. கொள்கையில் வேறுபாட்டை அறிந்த உள்ளமும், கொடையில் வேறுபாட்டை அறியாத கையும் ஒருவரிடத்தே அமையக்கூடும் என்பதற்கு அவளே சான்று.

மலேசிய மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கத் துறவி. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடைபெற முன்னின்று உழைத்தவர் அவரே. அவர் அணிந்த துறவாடை தமிழன்புக்குத் தடையாகவில்லை. தமிழன்பு துறவுக்குக் குறையாகவுமில்லை.

நான் நாள்தோறும் திருநீறு அணிபவன். வீரமாமுனிவரின் தேம்பாவணியில் வளனாரின் பணிவைக் காணுந்தோறும் பெரியபுராணத்து அடியார்கள் என் நினைவில் எழுகின்றனர். இரண்டிற்கும் உள்ள ஒப்புமையோடு வேற்றுமையும் விளங்குகின்றது. என் நம்பிக்கை இன்னது என்பது எனக்கே தெளிவாகின்றது. அயலாரின் வீட்டைக் கண்டு வந்தவனுக்குத் தன் வீட்டின் அமைப்பும் புதிதாகத் தோன்றுவது போன்றது அது.

நூலுக்குச் சொன்னது வாழ்வுக்கும் பொருந்தும். இந்நாட்டில் பெருநாள்தோறும் ஒருவர் இல்லத்து விருந்தை மற்றவர் உண்கின்றோம். நல்ல வழக்கமே. ஆயின், அண்டை வீட்டார் ஒரு திங்கள் நோன்பு நோற்றது எதற்காக என்று எத்தனை பேர் கேட்டறிந்தோம்? தைப்பூசத்தன்று காவடி சுமப்பவன் நெஞ்சில் இருப்பது யாது என்று அவர்தாம் நம்மைக் கேட்டால், விடை கூறும் அளவிற்கு நம் நூல்களை நாம் கற்றிருக்கின்றோமா? விருந்து நாவளவில் நின்றுவிட்டால், பக்கத்து வீடும் படிக்கப்படாத நூலாகவே இருந்துவிடும்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களே, சமயப் பாடல் ஒன்றனைக் கற்பிக்கும்போது, அதனைக் கண்ணீரோடு பாடுவோர் இன்றும் உளர் என்பதை மாணவர்க்கு முதலிற் கூறுங்கள். அதன்பின் அணியும் இலக்கணமும் வரட்டும். மாணவச் செல்வங்களே, உங்கள் நம்பிக்கையை இறுகப் பற்றுங்கள். அதே கையால் பிறர் நூலையும் பணிவோடு திறவுங்கள். பிறர் நூலைத் திறந்ததும் சரிந்துவிடும் நம்பிக்கை, மூடி வைத்திருந்தாலும் துன்பம் வருங்கால் நம்மைத் தாங்குமோ?