அழுத்தம் நீங்கிய பின்

நம் மணிக்கட்டின் உட்புறத்தில், கீழே எலும்புகளும் மேலே தடித்த குறுக்குத் தசைநாரும் எல்லையிட்ட குறுகிய வழியொன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துச் செல்கிறது. நெருக்கடி முற்றினால் துன்பப்படுவது நரம்புதான். கட்டைவிரலும் அடுத்த விரல்களும் நள்ளிரவில் மரத்துப்போய், கையை உதறிக்கொண்டு எழுந்தவர்களுக்கு இந்த நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அறுவை சிகிச்சையில் அந்தத் தசைநாரை வெட்டிவிடுகிறார்கள். கத்திக்கு அது சில நிமிட வேலை. ஆனால் அந்தச் சில நிமிடங்களிலேயே நரம்பு நலமடைந்துவிடுகிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான், சிகிச்சைக்கு முன் வைத்துப் பார்த்த அல்ட்ராசவுண்ட் கருவியைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் மணிக்கட்டின் மேல் வைக்கிறார்கள். நெருக்குண்ட நரம்பு அவ்வழியின் வாயிலருகே வீங்கியிருக்கும். பொதுவாகச் சுமார் 10 சதுர மில்லிமீட்டருக்குள் அடங்கும் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு, நோயில் அதைத் தாண்டிப் பெருகும். உள்ளிழைக் கற்றைகளின் அமைப்பும் மங்கிவிடும். சிகிச்சைக்குப் பின் வீக்கம் வடிகிறது. ஆனால் பலருக்கு அது இயல்பான அளவுவரை வடிவதில்லை. வலி தீர்ந்து நிம்மதியாக உறங்குகிறவரின் நரம்புகூடப் படத்தில் பருத்தே தெரியலாம். நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனையோ தன் போக்கில் வேறொன்றைச் சொல்லலாம்.

உணர்கிற மனிதர், மின்துடிப்பின் வேகம், திரையில் தெரியும் உருவம் என்று மீட்சிக்குச் சாட்சிகள் மூன்று. மூன்றும் ஒரே நாளில் ஒரே சொல்லைச் சொல்வதில்லை. எனவேதான் இன்றைய படத்தைப் பொது அளவோடு மட்டும் ஒப்பிடாமல், அதே மனிதரின் சிகிச்சைக்கு முந்தைய படத்தோடும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. நரம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதைவிட, எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதே பொருளுள்ள கேள்வியாகிறது. அந்தப் பயணமும் மெதுவானது: சிதைந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். எவ்வளவு தேர்ந்த கையாலும் அந்த வேகத்தைக் கூட்டிவிட முடியாது.

நாமோ காரணம் நீங்கிய கணத்திலேயே விளைவும் நீங்கிவிட வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். கொடிய மணவாழ்விலிருந்து வெளியேறியவரையும், கடனிலிருந்து மீண்டவரையும், தலைமுறைகளாக ஒடுக்கப்பட்டுச் சட்டத்தால் விடுவிக்கப்பட்ட சமூகத்தையும் பார்த்து, ‘அதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன?’ என்று கேட்கிறோம். அழுத்தத்தை நீக்குவது வெளியிலிருந்து பிறர் செய்யக்கூடிய செயல் என்பதையும், மீள்வதோ அழுத்தப்பட்ட உயிர் தனக்குள் தன் காலக்கணக்கில் மட்டுமே செய்துகொள்ளக்கூடிய வேலை என்பதையும், அந்த வேலை முடிந்த பிறகும் எஞ்சியிருக்கும் தடம் தோல்வியின் அடையாளம் ஆகாது என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நலம் என்பது பழைய வடிவத்துக்குத் திரும்புவது அன்று. தடத்தைத் தாங்கிக்கொண்டே தன் தொழிலை மீண்டும் செய்ய வல்லதாவது.

ஆயினும் பொறுமை என்ற பெயரில் பாராமுகமாக இருந்துவிடுவதும் அறமாகாது. சிகிச்சைக்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால், மருத்துவர் முதலில் நரம்பைக் குறைசொல்வதில்லை; தசைநார் முழுதாக வெட்டப்படாமல் ஓரிடத்தில் எஞ்சி நிற்கிறதா, புதிதாக உண்டான வடுத்திசு நரம்பை இறுக்குகிறதா என்று அதே அல்ட்ராசவுண்ட் கருவியால் தேடுகிறார். மீள்வதில் தாமதிப்பவரிடம் நாமும் நடந்துகொள்ள வேண்டிய முறை அதுதான். ‘இன்னும் ஏன் சரியாகவில்லை?’ என்று அவரைக் கேட்குமுன், அழுத்தம் உண்மையிலேயே முழுதாக நீங்கிவிட்டதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.